தட்டு ஆடுகிறது, அழுத்தினால் சக்கரம் நிற்கிறது: மின் சக்கரத்தை வீட்டிலேயே சரிசெய்வது எப்படி?

கேட்கப்பட்ட கேள்வி இது: பானை வனைய வாங்கிய மின் சக்கரம், பெல்ட் வைத்தது, மழைக்காலம் முழுக்க ஓட்டாமல் பின்கட்டில் கிடந்தது. இப்போது போட்டால் கரகரவென்று சத்தம், மண் வைக்கும் தட்டு லேசாக ஆடுகிறது, மண்ணை நடுவில் நிறுத்த அழுத்தினால் சக்கரம் நின்றே விடுகிறது. பார்த்த எலக்ட்ரீஷியன் மோட்டார் போய்விட்டது, வைண்டிங் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) கட்ட வேண்டும் என்கிறார். வீட்டிலேயே சரிசெய்ய வழியுண்டா, இல்லை புதிதாக வாங்கிவிடலாமா?

வழியுண்டு. மோட்டாரை இப்போதைக்குக் கழற்றி எங்கும் கொடுத்துவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் மூன்றில் தட்டு ஆடுவதற்கும் மோட்டாருக்கும் சம்பந்தமே இல்லை. மற்ற இரண்டுக்கும் மோட்டாரைவிட பேரிங்கும் பெல்ட்டும்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதே மாதிரி மோட்டாரை வைண்டிங் கட்டிக் கொண்டுவந்து மாட்டினார்கள். பழைய குறை அப்படியே இருந்தது. தட்டுக்குக் கீழே உள்ள பேரிங்கில் மண்குழம்பு இறங்கி இறுகிப் போயிருந்ததை அதன் பிறகுதான் பார்த்தார்கள்.

ஆகவே முதல் வேலை, பெல்ட்டைக் கழற்றுவது. சக்கரத்தை இரண்டாகப் பிரித்துக் காட்டும் இடம் அதுதான். பெல்ட்டுக்கு ஒரு பக்கம் தட்டு, அதைத் தாங்கிச் சுற்றும் ஷாஃப்ட், அந்த ஷாஃப்ட்டைப் பிடித்திருக்கும் பேரிங். மறுபக்கம் மோட்டார், அதை இயக்கும் மின் போர்டு, பெடல். பெல்ட் இருக்கும்வரை ஒன்றின் குறை மற்றதன் மேல் ஏறித் தெரியும். கழற்றிவிட்டால் யார் குற்றவாளி என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி, கண்ணில் படுகிற இடத்தில் வையுங்கள். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. மோட்டாரில் கண்டன்சர், அதாவது மோட்டார் கிளம்ப உதவும் கப்பாசிட்டர், இருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும். ஹோல்டரில் மாட்டிய பழைய குண்டு பல்பின் இரண்டு ஒயரையும் கண்டன்சரின் இரண்டு முனையிலும் சில விநாடி வைத்தால் இறங்கிவிடும்.

காய்ந்த மண்ணைச் சுரண்டி ஊதாதீர்கள், பிளோயரும் வேண்டாம். களிமண் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

பெல்ட் கழற்ற, மோட்டாரைத் தாங்கும் பிளேட்டில் நீளத் துளையில் உட்கார்ந்திருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். மோட்டார் தட்டின் பக்கம் நகர்ந்து பெல்ட் தொய்ந்துவிடும். ஸ்க்ரூ டிரைவரைச் செருகி நெம்பி எடுக்க வேண்டாம். பெல்ட் ஓடும் புல்லியின் விளிம்பு நெளிந்தால் அடுத்த பெல்ட்டையும் அது தின்னும்.

இப்போது தட்டைக் கையால் சுற்றிவிடுங்கள். நல்ல பேரிங் என்றால் ஓசையில்லாமல் சுற்றி, மெதுவாக வேகம் குறைந்து நிற்கும். விரலுக்கு மணல் அரைபடுவது போல் தெரிந்தாலோ, ஓரிடத்தில் சிக்கிச் சிக்கிப் போனாலோ, சட்டென்று நின்றாலோ பேரிங் போய்விட்டது. சத்தம் காதுக்குச் சரியாகப் பிடிபடவில்லையா? நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் வீட்டின் (பேரிங் உட்கார்ந்திருக்கும் கூட்டின்) மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் ஒட்டிவைத்து, இன்னொருவரைத் தட்டை மெதுவாகச் சுற்றச் சொல்லுங்கள். உள்ளே நடப்பது அப்படியே கேட்கும்.

அடுத்து தட்டின் ஆட்டம். இதில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். தட்டு ஆட மூன்று காரணம் உண்டு. பேரிங் லூஸாக இருக்கலாம், தட்டே நெளிந்திருக்கலாம், இல்லை ஷாஃப்ட் வளைந்திருக்கலாம். மூன்றும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், செலவு மட்டும் வேறு வேறு. சைக்கிள் கடையில் ரிம்முக்குக் கோட்டம் பார்ப்பார்களே, அதே முறைதான் இங்கேயும். சட்டத்தின் மேல் ஒரு உருண்டை மண்ணை வைத்து அதில் ஒரு ஊசியைக் குத்துங்கள். ஊசி முனை தட்டின் மேல்பரப்பை, விளிம்புக்கு அருகில், தொட்டும் தொடாமலும் இருக்கட்டும். தட்டைச் சுற்றாமல், எதிரெதிர் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்து ஒரு பக்கம் அழுத்தி மறுபக்கம் தூக்கிப் பாருங்கள். ஊசிக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி மாறினால் பேரிங் லூஸ். மாறாவிட்டால் தட்டை மெதுவாகக் கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். ஓரிடத்தில் ஊசி உரசி எதிர்ப்பக்கம் இடைவெளி விட்டால், உரசுகிற இடத்தில் தட்டின் மேலும், அதற்கு நேர் கீழே ஷாஃப்ட்டின் மேலும் மார்க்கரால் கோடு போடுங்கள். பிறகு தட்டைக் கழற்றி அரை வட்டம் திருப்பி மாட்டிப் பாருங்கள். மேடு தட்டின் கோட்டோடு வந்தால் நெளிந்தது தட்டு. ஷாஃப்ட்டின் கோட்டோடு நின்றால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது தட்டு உட்காரும் இடத்தில் மண் ஒட்டியிருக்கிறது. அந்த இடத்தைத் துடைத்துவிட்டு மாட்டினாலே பல சக்கரங்களில் ஆட்டம் போய்விடும். தட்டின் விளிம்பில் அரை மில்லிமீட்டர் வரை இருந்தால் நான் பொருட்படுத்துவதில்லை. அதற்கு மேல் போனால் பானையின் அடியைச் செதுக்கும்போது ஒரு பக்கம் மெலிந்துவிடும்.

பேரிங்கில் இருக்கும் சின்ன லூஸ் ஏன் அவ்வளவு தொந்தரவு தருகிறது என்று கேட்கலாம். ஷாஃப்ட்டை மேலே ஒரு பேரிங்கும் கீழே ஒரு பேரிங்கும் பிடித்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையே 15 செ.மீ. தூரம், பானையின் வாய் மேல் பேரிங்கிலிருந்து 30 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் பேரிங்கில் உள்ள லூஸ், பானையின் வாயில் 3 மடங்காகத் தெரியும். மண்ணை நடுவில் நிறுத்த நீங்கள் கொடுக்கும் பக்கவாட்டு அழுத்தமும் அதிகமாக மேல் பேரிங்கின் மேல்தான் விழுகிறது. தண்ணீரும் மண்குழம்பும் ஷாஃப்ட் வழியாக இறங்கி முதலில் சேருவதும் அங்கேதான். மழைக்காலம் முழுக்க ஓடாமல் இருந்த சக்கரம் என்கிறீர்கள். நின்ற இடத்திலேயே குண்டுகள் துருப்பிடித்து, அந்தத் துரு இப்போது அரைபடுகிறது என்பதே என் கணிப்பு.

பேரிங்கை மாற்ற முதலில் தட்டைக் கழற்ற வேண்டும். சில தட்டுகள் மேலிருந்து ஆலன் போல்ட்டில் நிற்கும், சிலவற்றில் கீழே கழுத்துப் பகுதியில் கிரப் ஸ்க்ரூ (தலையில்லாத திருகு) ஒன்றோ இரண்டோ மண்ணுக்குள் மறைந்திருக்கும். ஊசியால் துழாவிப் பார்த்து, எல்லாவற்றையும் எடுத்த பிறகுதான் தட்டை இழுக்க வேண்டும். வராது. அலுமினியத் தட்டும் இரும்பு ஷாஃப்ட்டும் ஈரத்தில் சேர்ந்திருந்தால் இரண்டும் அரித்துப் பிடித்துக்கொள்ளும். டபிள்யூடி-40 போன்ற எண்ணெயை அடித்து ஒரு இரவு விடுங்கள். மறுநாள் கொதிக்கும் நீரில் நனைத்துப் பிழிந்த துணியைத் தட்டின் கழுத்தில் சுற்றி வையுங்கள், ஹாட் ஏர் கன் இருந்தால் இன்னும் நல்லது. அலுமினியம் சூட்டில் இரும்பைப்போலக் கிட்டத்தட்ட 2 மடங்கு விரியும், அதனால் பிடி விடும். பிறகு மரச் சுத்தியலால் கழுத்தைச் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டே மேலே தூக்குங்கள். இரும்புச் சுத்தியலால் விளிம்பில் அடித்தால், இதுவரை நெளியாத தட்டும் நெளிந்துவிடும்.

பேரிங்கின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். துடைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 6204 என்றால் உள் துளை 20 மி.மீ., வெளி விட்டம் 47 மி.மீ. 6205 என்றால் 25 மற்றும் 52. எண்ணைச் சொன்னால் எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும், சில நூறு ரூபாய்தான். எண்ணுக்குப் பின்னால் வருவதையும் சொல்லி வாங்குங்கள். இசட்இசட் (ZZ) என்பது இரண்டு பக்கமும் இரும்பு மூடி போட்டது, 2ஆர்எஸ் (2RS) என்பது இரண்டு பக்கமும் ரப்பர் சீல் வைத்தது. இரும்பு மூடி தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. வனையும் சக்கரத்துக்கு 2ஆர்எஸ்தான் சரி. கீழ் பேரிங் நன்றாகத்தானே இருக்கிறது என்று ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம். கழற்றியாகிவிட்டது, இரண்டையும் மாற்றிவிடுங்கள். உங்கள் சக்கரத்தில் பேரிங், வார்ப்பிரும்பு வீட்டோடு சேர்ந்து போல்ட்டில் உட்கார்ந்திருந்தால் வேலை இன்னும் எளிது. அதை முழுதாகவே மாற்றிவிடலாம்.

பழைய பேரிங்கை புல்லர் போட்டு இழுங்கள். முன்னால் சர்க்ளிப் (பேரிங் நகராமல் பிடிக்கும் வளையம்) இருந்தால் அதை முதலில் எடுக்க வேண்டும். புதியதை ஏற்றும்போது ஒரே ஒரு விதிதான், அதை மீறினால் புது பேரிங் அன்றைக்கே கெட்டுவிடும். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது அடி உள் வளையத்தில் மட்டும் விழ வேண்டும். பேரிங் வீட்டுக்குள் இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும். வளையத்துக்குச் சரியாகப் பொருந்தும் இரும்புக் குழாய்த் துண்டு ஒன்றை வைத்து அதன் மேல் தட்டுங்கள். ஷாஃப்ட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீஸரில் ஓரிரு மணி நேரம் வைத்தால் சுருங்கி, பேரிங் தானாகவே வழுக்கி இறங்கும். வெளியே எடுத்ததும் வேர்க்கும், துடைத்துவிட்டு ஏற்றுங்கள்.

ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்திருந்தால், அதாவது புது பேரிங் கையாலேயே லொடலொடவென்று இறங்கினால், லேத் பட்டறைக்குப் போய்விடுங்கள். அந்த இடத்தில் வெல்டிங் ஏற்றிக் கடைந்து அளவுக்குக் கொண்டுவருவார்கள். போகும்போது புது பேரிங்கையும் கூடவே எடுத்துப் போங்கள், அதை வைத்துப் பார்த்துக் கடைந்தால்தான் பிடி சரியாக வரும். பசையை ஊற்றி ஒட்டச் சொல்லும் யோசனைகள் உண்டு. மண்ணோடு மல்லுக்கட்டும் ஷாஃப்ட்டில் அது எனக்கு உடன்பாடில்லை.

மேல் பேரிங்குக்குத் தண்ணீர் இறங்காமல் இருக்க, தட்டுக்கு அடியில் ஷாஃப்ட்டைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழைய சைக்கிள் டியூபில் வட்டமாக வெட்டி, நடுத்துளையை ஷாஃப்ட்டைவிடச் சற்றுச் சிறியதாக வைத்தால் அதுவே போதும். இதைச் செய்யாமல் புது பேரிங் போடுவதில் பயனில்லை.

இனி பெல்ட். அழுத்தும்போது சக்கரம் நிற்கிறது, ஆனால் மோட்டார் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் அது பெல்ட் வழுக்குவது. மோட்டாரும் சேர்ந்து நின்று உறுமினால் வேறு கதை, அதைப் பிறகு பார்ப்போம். கழற்றிய பெல்ட்டை உள்பக்கமாக மடக்கிப் பாருங்கள். விரிசல், ஓரத்தில் கண்ணாடி போல் பளபளப்பு, நூல் பிரிவது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். மாதக்கணக்கில் ஒரே நிலையில் நின்ற பெல்ட், புல்லியில் மடங்கிய இடத்தில் அந்த வளைவை அப்படியே பிடித்துக்கொள்ளும். ஓட்டும்போது டொக் டொக் என்று சீராக ஒரு சத்தம் வந்தால் அதுதான். கொஞ்ச நேரம் ஓடினால் சில பெல்ட் சரியாகும், சில ஆகாது. மேலே அச்சிட்ட எண்ணைச் சொல்லி வாங்குங்கள். வி-பெல்ட்டில் ஏ-42 என்றால் ஏ வகை, 13 மி.மீ. அகலம், 42 அங்குல உள்நீளம். எண் அழிந்திருந்தால் பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். வழுக்காமல் இருக்க ரோசனம் தடவுவது, எண்ணெய் விடுவது எதுவும் வேண்டாம். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப்போகும்.

புல்லியின் அளவை மாற்றி வேகம் கூட்டலாமே என்று கடையில் யோசனை சொல்வார்கள். நிமிடத்துக்கு 1440 சுற்று ஓடும் சாதாரண மோட்டாரில் 2 அங்குலப் புல்லியும், தட்டின் ஷாஃப்ட்டில் 12 அங்குலப் புல்லியும் இருந்தால் தட்டு 240 சுற்று ஓடும். வனைய இது தாராளம். வேகத்தைக் கூட்டினால் அதே அளவுக்கு அழுத்தம் தாங்கும் சக்தி குறையும், உங்கள் குறை இன்னும் மோசமாகும்.

புது பெல்ட் மாட்டியதும் நூல் ஒன்றை இழுத்துப் பிடித்து இரண்டு புல்லியின் முகத்திலும் ஒட்டிப் பாருங்கள். நூல் நாலு இடத்திலும் தொட வேண்டும். தொடாவிட்டால் பெல்ட் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து, சக்கரத்தின் கீழே கறுப்புப் பொடியாகக் கொட்டும். இறுக்கத்துக்கு, இரண்டு புல்லிக்கும் நடுவே பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்துங்கள். 30 செ.மீ. இடைவெளிக்கு 5 மி.மீ. அளவு இறங்கினால் சரி. இன்னும் முறுக்கினால் பிடி கூடும் என்று நினைத்து இழுத்துக் கட்டாதீர்கள், புது பேரிங்கின் ஆயுள் அதில்தான் போகும்.

பெல்ட் இல்லாமல் மோட்டாரை மட்டும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். கை, துப்பட்டா, தலைமுடி எதுவும் புல்லி பக்கம் போகக்கூடாது. சீராக ஓடினால் வைண்டிங் பேச்சை விட்டுவிடலாம். ஓடாமல் உறுமுகிறது, மரக்குச்சியால் புல்லியைத் தள்ளிவிட்டால் ஓடுகிறது என்றால் அது ஏசி மோட்டாரில் கண்டன்சர் செத்ததற்கு அடையாளம். மேலே எழுதியிருக்கும் மைக்ரோஃபாரட் அளவே இருக்க வேண்டும், வோல்ட் அளவு அதே அல்லது அதற்கு மேல். மாற்றுவது பத்து நிமிட வேலை. எரிந்த வார்னிஷ் நாற்றம் வந்து, தொட முடியாமல் சுட்டால் மட்டும்தான் வைண்டிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

பெடலில் வேகம் மாறும் சக்கரங்களில் பெரும்பாலும் டிசி மோட்டார்தான் இருக்கும். அதில் கண்டன்சருக்குப் பதிலாகக் கார்பன் பிரஷ்ஷைப் பார்க்க வேண்டும். மோட்டாரின் இரு பக்கமும் பிளாஸ்டிக் மூடி இருக்கும், திருகினால் ஸ்பிரிங்கோடு பிரஷ் வெளியே வரும். எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று குறித்து வையுங்கள். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டையும் மாற்றுங்கள். நீளம் இருந்தும் உள்ளே இறங்காமல் கார்பன் பொடியில் சிக்கிக்கொள்வதும் உண்டு. அப்போது மோட்டார் சும்மா ஓடும், அழுத்தினால் விட்டுவிடும், உங்கள் குறையேதான். தடத்தைத் துடைத்துவிட்டால் போதும். உள்ளே பிரஷ் உரசும் செம்புக் கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் துடைக்கலாம். எமரி பேப்பர் மட்டும் வேண்டாம், அதன் பொடி செம்புக் கட்டைகளுக்கு நடுவே சிக்கி ஷார்ட் ஆக்கும்.

பெடலை அழுத்தினால் வேகம் குதித்துக் குதித்து ஏறினால் பெடலுக்குள்ளே பாருங்கள். காய்ந்த மண் அடைத்திருக்கும், அல்லது உள்ளே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் கன்ட்ரோல் தேய்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அதன் ஒயரையும் போர்டிலிருந்து கழற்றி, மல்டிமீட்டரை ஓம் நிலையில் நடுக்காலிலும் ஓரக்காலிலும் வைத்து, பெடலை மெதுவாக அழுத்துங்கள். எண் சீராக ஏறவோ இறங்கவோ வேண்டும். நடுவில் துள்ளினால் அதே கிலோ-ஓம் மதிப்புள்ள புதியதை வாங்கி மாட்டுங்கள். சில டிசி போர்டுகளில் ஐஆர் என்று எழுதிய குட்டித் திருகு ஒன்று இருக்கும். அழுத்தும்போது விழும் வேகத்தை ஈடுகட்டுவது அதன் வேலை. மற்றதெல்லாம் சரியாக இருந்தும் வேகம் விழுந்தால் அதை மயிரிழை அளவு கூட்டலாம். அதிகம் கூட்டினால் சக்கரம் வேகம் ஏறி இறங்கித் துடிக்கும். இது மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் போர்டு, பழக்கம் இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனை விட்டுச் செய்யச் சொல்லுங்கள். போட்டதும் ஃபியூஸ் போகிறது என்றால் வரிசையாக ஃபியூஸ் மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரிஸில் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் அப்படியே எரிந்தால் உள்ளே ஷார்ட், பெரும்பாலும் போர்டில் ஏசியை டிசியாக மாற்றும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர்தான். எல்இடி பல்பு இதற்கு உதவாது.

பெல்ட்டே இல்லாமல் தட்டுக்கு நேர் கீழே மோட்டார் உட்கார்ந்திருக்கும் டைரக்ட் டிரைவ் மாடல்களை வீட்டில் பிரிக்க நான் சொல்ல மாட்டேன். கால் சக்கரம் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன பேரிங், தட்டு விஷயம் எல்லாம் பொருந்தும். ஆனால் கீழே சுற்றும் கான்கிரீட் கனச்சக்கரத்தில் விரிசல் தெரிந்தால் சிமெண்ட் பூசி ஓட்டாதீர்கள், புதிதாக வார்ப்பதுதான் பாதுகாப்பு. விரிசல் விட்ட அலுமினியத் தட்டுக்கும் இதே பதில்தான்.

எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, மண் வைப்பதற்கு முன்னால், எர்த்தைச் சோதியுங்கள். ஈரக்கையோடு தொடும் இயந்திரம் இது. மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் தடித்த பின்னிலும், மறு முனையைச் சட்டத்தின் இரும்பிலும் வைத்தால் 1 ஓமுக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எர்த் ஒயர் முறுக்கியிருக்கும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டிவிட்டுத் திரும்ப முறுக்குங்கள். சக்கரம் வைத்திருக்கும் அறையின் லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால், பேரிங் வாங்கப் போகும்போதே அதற்கும் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

பிறகு கால் மணி நேரம் வெறும் தட்டை மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள். நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கி, பேரிங் வீட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், கை வைக்க முடியாமல் சுட்டால் பெல்ட் இறுக்கத்தைக் குறையுங்கள். அதன் பின் ஒரு கிலோ மண்ணை வைத்து நடுவில் நிறுத்திப் பாருங்கள். புது பெல்ட் முதல் சில நாளில் சற்று நீளும், ஒரு வாரம் கழித்து மோட்டார் போல்ட்டைத் தளர்த்தி இறுக்கத்தைத் திரும்பச் சரிசெய்யுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் மண்ணை அழுத்தினால் மோட்டார் நின்று உறுமுகிறது என்றால், அப்போது அதை வைண்டிங் கடைக்குக் கொண்டுபோகலாம்.